மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றவர்

உங்கள் தொழிற்சாலைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். என்னை அறிமுகப்படுத்திய இளைஞர், கரைப்பான் புழங்கும் கூடத்துக்கு முன்னால் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைக் காட்டி, தீ இதைத் தாண்டக்கூடாது என்ற வழக்கத்தை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தவரே இவர்தான் என்றார். ஆயுத பூஜையன்று கற்பூரத்தைக்கூட அந்தக் கோட்டுக்கு வெளியேதான் ஏற்றுகிறோம் என்றும் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் எழுந்து ஒரு கும்பிடு போட்டேன். பிறகு அசிட்டிக் அமிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைப் பேசிவிட்டு, நீங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது பேர் சிரித்த முகத்தோடு பார்க்கும்போது வாய் வரவில்லை. பார்த்தீர்களா, இத்தனை வயதுக்கு அப்புறமும் அதே வியாதிதான். அதனால் எழுதுகிறேன்.

அமிலத்தை எப்படிப் பிரிப்பது, எந்தச் சூட்டில் வடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஆனால் நாங்கள் வேலை பார்த்த இடத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவிநாசிக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கூழ் ஆலை. பெயர் வேண்டாம். நீலகிரியிலிருந்து வரும் தைலமரத்தையும் சீகை மரத்தையும் சில்லாக வெட்டி, பெரிய கொப்பரைகளில் வேகவைத்துக் கூழ் எடுப்பார்கள். கூழ் எடுத்தது போக மிஞ்சுவது பழுப்புத் தண்ணீர். மரத்தில் பாதி அந்தத் தண்ணீரில்தான் இருக்கும். அதைச் சுண்டக் காய்ச்சும்போது எழும் ஆவியைக் குளிரவைத்தால் புளித்த வாடையோடு ஒரு நீர் வடியும். அதில் அசிட்டிக் அமிலமும் கொஞ்சம் ஃபார்மிக் அமிலமும் இருக்கும். அதுவரை அதைக் கழிவு வாய்க்காலில்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நீரிலிருந்து அமிலத்தை மீட்பதற்காக ஆலையின் பின்பக்கம் புதிதாக ஒரு கூடம் கட்டினார்கள். அதற்கு நான் இன்சார்ஜ்.

வேலை இதுதான். உயரமான ஒரு டவரில் அந்தப் புளித்த நீரை மேலிருந்தும், எத்தில் அசிடேட்டைக் கீழிருந்தும் விடுவோம். பெட்ரோலைப்போலச் சட்டென்று தீப்பிடிக்கும் அந்தக் கரைப்பானை நாங்கள் சால்வென்ட் என்போம். இரண்டும் கலக்கும்போது அமிலம் நீரை விட்டுவிட்டு சால்வென்ட்டில் ஏறிக்கொள்ளும். பிறகு சால்வென்ட்டைக் காய்ச்சித் தனியாக எடுத்துத் திரும்ப டவருக்கே அனுப்பிவிடலாம், அமிலம் நம் கையில் நிற்கும். அதைக் கேனில் நிரப்பிச் சோமனூர், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு அனுப்பினோம். ரப்பர்ப் பாலைக் கட்டியாக்குவதற்குப் பாலக்காட்டுக்காரர்கள் ஃபார்மிக் அமிலம் கேட்டு வந்தார்கள்.

இவ்வளவு செய்தும் ஆலையில் எங்களுக்கு மரியாதை கிடையாது. கொப்பரைக்காரர்கள், காகிதம்போலக் கூழைத் தகடாக்குகிறவர்கள், அவர்கள்தான் பெரியவர்கள். எங்களைக் கேன்டீனில் "கழிவுத்தண்ணி செக்ஷன்" என்பார்கள். வரிசையில் எங்கள் ஆள் நின்றால் மூக்கைப் பிடிப்பதுபோல ஒரு பாவனை. கேலிதான், ஆனால் தினமும் கேட்டால் கேலியும் உறைக்கும்.

அதிகம் உறைத்தது பழனிச்சாமி அண்ணனுக்கு. டவர் ஆபரேட்டர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்தக் கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து அங்கே இருந்தவர். முதல் லோடு அமிலம் சோமனூருக்குப் போனபோது லாரிக்கு மாலை வாங்கிப் போட்டவர் அவர். கோயில், விரதம், அமாவாசை எதையும் விடமாட்டார். ஆனால் ஒரே டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு எடுத்துக் கொடுத்துத் தானும் சாப்பிடுவார். அது ஏன் பெரிய விஷயம் என்று உங்களில் சிலருக்கு விளங்காது. விளங்காமல் இருப்பதே நல்லது என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு, அதாவது வருஷக் கூலி ஆட்களாக, இருந்தவர்கள். அவர்களுக்கு முன்னாலும் அப்படியே. சர்ச் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, வேதியியல் பட்டம் வாங்கி, பேன்ட் சட்டை போட்டு ஆலைக்குள் வந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். ஆயுத பூஜையன்று அந்தத் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சாமி கும்பிடுவார்கள். வருஷம் முழுவதும் அந்த மோட்டார் மக்கர் பண்ணினால் கிணற்றுக்குள் இறங்குவது என் அப்பாதான். பூஜையன்று மட்டும் அவர் வேலியோரம் நிற்பார். எல்லாம் முடிந்ததும் பொரியைத் துண்டில் வாங்கிக்கொண்டு வருவார். நாங்கள் குழந்தைகள் அந்தப் பொரிக்காகக் காத்திருப்போம். எனக்கு அதில் வெட்கம் என்று ஒன்று இருப்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஆலையிலும் ஆயுத பூஜை பெரிய விசேஷம். முதல் நாள் சாயங்காலமே எல்லா இயந்திரத்தையும் நிறுத்திக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவார்கள். அன்றைக்கு வேலையாட்கள் குடும்பத்தோடு வருவார்கள். மாலை போட்ட இயந்திரங்களைப் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள அந்த ஒரு நாள்தான். ஆலைப் பிள்ளையார் கோயில் பூசாரி முன்னால் வர, வொர்க்ஸ் மேனேஜரும் போர்மேன்களும் குடும்பங்களும் பின்னால் வர, ஒவ்வொரு செக்ஷனாகப் பூஜை நடக்கும். இயந்திரத்துக்குக் கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காயைத் தரையில் வைத்து, அதன் மேலும் ஒரு கற்பூரம் ஏற்றிச் சுற்றிப் போட்டு உடைப்பார்கள்.

எங்கள் கூடம் ஓட ஆரம்பித்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜை அது. பூஜை ஊர்வலம் எங்கள் கூடம் வரைக்கும் வர வேண்டும் என்று பழனிச்சாமி அண்ணன் மேனேஜரிடம் நடையாய் நடந்து சம்மதம் வாங்கியிருந்தார். கோயம்புத்தூர் மார்க்கெட்டுக்கே போய்ச் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வாங்கி வந்தார். வாழைக்கன்று கட்டினார். டவர் உச்சி வரைக்கும் ஏறி மாவிலை கட்டினார். இன்னொரு காரணமும் இருந்தது. அவருடைய மூத்த மகளை, பழுப்புத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சும் எவாப்பரேட்டர் செக்ஷனின் போர்மேன் ராமசாமியின் பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் அன்று ஊர்வலத்தில் வருவார்கள். கழிவுத்தண்ணி செக்ஷன் என்று கேலி பேசப்படும் தன் இடம் அவர்கள் கண்ணுக்கு நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்று அந்த மனுஷன் ஆசைப்பட்டார். அதில் என்ன தப்பு?

அன்று காலை ஆலை கேட் பக்கத்தில் வொர்க்ஸ் மேனேஜர் என்னைப் பார்த்து, சாமி கும்பிடும் இடத்தில் எனக்குச் சங்கடமாக இருந்தால் ஓரமாக நின்றுகொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு முந்தைய வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. கொப்பரை செக்ஷனில் எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவர், பூசாரி நெற்றியில் வைத்த குங்குமத்தைத் திரும்பி நின்று துடைத்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். மாதக்கணக்கில் கேன்டீனில் அதே பேச்சு. அவர் பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். நான் சரிங்க என்று சொல்லிவிட்டு என் கூடத்துக்கு வந்தேன்.

கதவைத் திறந்ததும் பழம் கனிந்த வாசனை. வாழைத்தாரும் பூவும் இன்னும் ஏற்றாத ஊதுபத்தியும் வைத்திருந்த இடத்தில் அப்படித்தானே இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்க முடியாது. எத்தில் அசிடேட்டின் வாசனையும் அதுதான். அழுகின முட்டைபோல நாறியிருந்தால் அன்று யாரையும் தடுக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது, அவர்களே ஓடியிருப்பார்கள்.

என்ன நடந்திருந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. சால்வென்ட் பம்பில் எப்போதும் ஒரு கசிவு உண்டு. எக்ஸாஸ்ட் ஃபேன் ராப்பகலாக ஓடிக்கொண்டிருப்பதால் அந்த ஆவி வெளியே போய்விடும். ஃபேனும் ஒரு இயந்திரம்தானே. அதையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, மாலை போட்டு, முதல் நாள் சாயங்காலமே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சப்ஸ்டேஷனிலேயே மெயினை இறக்கிப் பலகைக்குக் குங்குமம் வைத்தாயிற்று. விஜயதசமிக்கு முன்னால் யாரும் தொடமாட்டார்கள். ஃபேனை நிறுத்தும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் தோன்றவில்லை. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் பரவி நிற்கும். பூசணிக்காயை வைக்கப்போவதும் தரையில்தான்.

ஊர்வலத்தின் மேளச் சத்தம் பக்கத்து எவாப்பரேட்டர் செக்ஷனில் கேட்டது. அங்கே முடிந்தால் அடுத்தது நாங்கள். எங்கள் வாசலில் பழனிச்சாமி அண்ணனின் மனைவியும் இரண்டு பெண்களும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும் என்று இடம் பிடித்து நின்றிருந்தார்கள்.

நான் செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன வேலை. நாலு எட்டு முன்னால் போய், கையை உயர்த்தி, "இந்தக் கூடத்துக்கு நான் இன்சார்ஜ். உள்ளே ஆவி நிற்கிறது. தீ வரக்கூடாது" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கிறிஸ்தவன் ஒருவன், அதிலும் இன்னார் வீட்டுப் பையன், சாமி ஊர்வலத்தைக் கைநீட்டி மறிக்கிறான் என்று அவர்கள் பார்ப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. குங்குமத்தைத் துடைத்த ஃபிட்டரின் முகம் கண்ணில் வந்து நின்றது. உள்ளே குழந்தைகள் வரப்போகிறார்கள், அந்த நேரத்தில் நான் என்னைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது.

பழனிச்சாமி அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டு, உள்ளே சால்வென்ட் நிற்கிறது, கற்பூரம் வந்தால் எல்லோரும் போய்விடுவோம் என்றேன். அவர் மூக்கை உயர்த்தி ஒரு முறை மோந்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணா, நீங்க போய்ச் சொல்லிருங்க. நீங்க சொன்னாக் கேட்டுக்குவாங்க. நான் சொன்னா வேற மாதிரி ஆயிப்போகுமுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். டவரில் கட்டிய மாவிலையைப் பார்த்தார். வாசலில் நின்ற தன் பெண்களைப் பார்த்தார்.

"செரிங்க சார். நான் சொல்லிப்போடறேனுங்க" என்றார்.

ஊர்வலம் எவாப்பரேட்டர் மூலையைத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பூசாரி கையில் தட்டு எரிந்துகொண்டிருந்தது. பழனிச்சாமி அண்ணன் வேகமாக நடந்து போய், பாதை நடுவில் நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். மேளம் நின்றது. அவர் சொன்னது எனக்கு வாசலிலிருந்து தெளிவாகக் கேட்டது.

"மன்னிச்சுப்போடுங்க. இதுக்கு மேல சாமி வர வேண்டாமுங்க. எங்க பங்காளி ஊட்டுல எழவாயிப்போச்சுன்னு இப்பத்தானுங்க தாக்கல் வந்துச்சு. தெரியாம, தீட்டோட எல்லாத்தையும் தொட்டுப்போட்டனுங்க."

பூசாரி கையிலிருந்த வெற்றிலையால் கற்பூரத்தை அப்போதே அமுக்கி அணைத்தார். சால்வென்ட், ஆவி, வாயு என்று விளக்கிக்கொண்டு நின்றிருந்தால் "ஒரே ஒரு கட்டிக் கற்பூரம், என்ன ஆயிறப்போகுது" என்று யாராவது ஒருவர் வந்திருப்பார். தீட்டு என்றதும் பேச்சுக்கே இடமில்லை. சாமி காரியத்தில் தீட்டு என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிஷமே எல்லாம் நின்றுவிடும். ஊர்வலம் அப்படியே பின்னால் திரும்பியது. தீட்டுக்காரன் கட்டிய பூவையும் மாவிலையையும் பார்த்து முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் தொட்டானே என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார்.

அவருடைய மனைவிக்கு மட்டும் இது பொய் என்று எப்படித் தெரியும்? அந்த அம்மாள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆருங்க? ஏனுங்க, சொல்லுங்க. பெரிய மாமனுங்களா?"

கணவரின் அண்ணனைத்தான் அப்படிக் கேட்டார். பழனிச்சாமி அண்ணன், "ஊட்டுக்கு நட அம்மணி, சொல்றேன்" என்றார். அந்த அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பெண்கள் இரண்டும் அழுதன. நால்வரும் எல்லோருக்கும் நடுவே கேட்டை நோக்கி நடந்து போனார்கள். நான் என் கூடத்து வாசலில் சலவைச் சட்டையோடு நின்று அதைப் பார்த்தேன்.

நம் தொழிலில் இது தினமும் நடப்பதுதான் என்று பிறகு ஒரு நாள் தோன்றியது. சுமக்க வேண்டியதை இன்னொன்றின் மேல் ஏற்றி, அதைக் கொதிக்க அனுப்புகிறோம். டவரில் போகும் சால்வென்ட் ஏற்றியதை இறக்கிவிட்டுச் சுத்தமாகத் திரும்பி வந்துவிடும். மனுஷன் அப்படித் திரும்பி வருவதில்லை.

எல்லோரும் போன பிறகு கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டு, ஸ்டோரிலிருந்து வாயு பார்க்கும் மீட்டரை எடுத்துவந்து வைத்தேன். பம்புக்குப் பக்கத்தில் முள் ஏறிப் போய்ச் சிவப்பில் நின்றது. என் கணக்கு தப்பவில்லை. அதற்காக அன்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை வந்தது என்பதையும் மறைக்கப்போவதில்லை.

மத்தியானம் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். பழனிச்சாமி சொன்னது இட்டுக்கட்டியது என்றும் சொன்னேன். அவருக்கு வேர்த்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை குழந்தைகள் வந்திருந்தார்கள் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, பழனிச்சாமி கெட்டிக்காரன் என்றார். சால்வென்ட் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய சமயம், இந்தக் கசிவு விஷயம் வெளியே போகக்கூடாது, யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. மேலிடத்து உத்தரவு என்று ஒன்று கிடைத்துவிட்டால் நம் வாயை மூடிக்கொள்வதற்குக் கௌரவமான காரணம் ஆகிவிடுகிறதே.

அன்று சாயங்காலம் நடந்ததை மறுநாள் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். சம்பந்தி ஆகப்போகிறவர் வீட்டில் எழவு என்றால் துக்கம் விசாரிக்கப் போகாமல் இருக்க முடியுமா? ராமசாமி போர்மேன் தன் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு, பழனிச்சாமி அண்ணனின் ஊருக்குப் போயிருக்கிறார். பங்காளி வீடு எது என்று விசாரித்துப் போனால், செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த அண்ணன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். வந்தவர்களைப் பார்த்ததும் "வாங்க, வாங்க" என்று எழுந்திருக்கிறார். கேன்டீனில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சாமி காரியத்தில் பொய் சொன்னவன், உயிரோடு இருக்கிற கூடப்பிறந்தவனைச் சாகடித்தவன் என்று ஒரு பேர் நிலைத்துவிட்டது. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களிடம் "தப்பாயிப்போச்சுங்க" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நிச்சயதார்த்தம் நின்றுபோயிற்று.

நான் அப்போதே கிளம்பிப் போயிருக்கலாம். நாளைக்குப் போகலாம், சம்பளம் போட்ட பிறகு போகலாம், மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகலாம் என்று தள்ளிப்போட்டேன். தீபாவளி கழிந்த பிறகுதான் ராமசாமி போர்மேன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். நடந்ததையெல்லாம், பழனிச்சாமியை அனுப்பியவன் நான்தான் என்பது உட்பட, சொல்லி முடித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை.

"நீங்க ஒரு கை காட்டியிருந்தா நாங்க அங்கயே நின்னிருப்பமுங்களே சார். உங்க செக்ஷன்ல உங்க பேச்ச ஆருங்க தட்டுவாங்க?" என்றார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் சொன்னது நிஜம்தானா, அல்லது வீட்டுக்கு வந்தவனிடம் மரியாதைக்குச் சொன்னதா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. நின்றிருக்கலாம். நிற்காமல் என்னைத் தள்ளிவிட்டும் போயிருக்கலாம். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ளும் ஒரே வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டேன். கேட்காமலே அவர்களுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன். என் அப்பாவை வேலியோரம் நிறுத்தியவர்கள் செய்ததும் ஒரு வகையில் அதுதானே.

சம்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். பழனிச்சாமி மேல் வருத்தம் ஒன்றுமில்லை என்றார். ஆனால் நல்ல காரியம் பேசியிருக்கும்போது எழவு என்று வாயிலிருந்து வந்துவிட்டது, பெண்டுகள் மனசு ஒப்பவில்லை, பையனுக்கு வேறு இடத்தில் பேசிவிட்டோம் என்றார். சீக்கிரம் வந்திருந்தால் ஒருவேளை, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அந்தப் பெண் பிறகு சோமனூரில் தறி வைத்திருக்கும் குடும்பம் ஒன்றில் நல்லபடியாக வாழ்க்கைப்பட்டாள். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள நினைத்தது உண்டு. அது அவள் அதிர்ஷ்டம். என் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது.

நான் ராமசாமி வீட்டுக்குப் போவதற்குள்ளேயே மேனேஜர் பாதுகாப்பு வேலைகளைத் தொடங்கியிருந்தார். எங்கள் கூடத்து ஃபேனுக்குத் தனி லைன் இழுத்தார்கள், எந்தப் பூஜைக்கும் அதை நிறுத்தக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வாசலிலிருந்து நல்ல தூரத்தில் தரையில் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். என் முன்யோசனையைப் பாராட்டிப் பாதுகாப்பு தினத்தன்று பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கு என்று மேடையில் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. பழனிச்சாமி அண்ணன் கூட்டத்தில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே பொன்னாடையை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. இந்த முறை ஊர்வலம் மஞ்சள் கோடு வரைக்கும் வந்து நின்றது. கோட்டுக்கு வெளியே கற்பூரம் ஏற்றி, அங்கிருந்தே டவரைப் பார்த்துக் காட்டினார்கள். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. செக்ஷன் இன்சார்ஜ் என்று என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். யாரும் என்னைத் தப்பாகப் பார்க்கவில்லை. பூசாரி கும்பிட்டுவிட்டு, குங்குமத்தை நீட்டாமல் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். என்ன ஒரு மரியாதை பாருங்கள்.

பழனிச்சாமி அண்ணன் எங்கே என்று தேடினேன். கோட்டுக்கு வெளியே, கூட்டத்துக்கும் வெளியே, காலி அமிலக் கேன்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த வருஷம் அவர் பூ வாங்கவில்லை, மாவிலை கட்டவில்லை. போ என்று அவரை யாரும் சொல்லவில்லை, வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. அன்னூர்த் தோட்டத்தில் என் அப்பா நிற்பாரே, ஏறக்குறைய அதே தூரம்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன். சால்வென்ட் நிற்கிறது, தீ ஆகாது என்று நேராகவே சொல்லியிருக்கலாமே, எதற்காகத் தீட்டு என்றீர்கள் என்றேன்.

அவர் டவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதச் சொன்னா, ஆரு சொன்னாங்கன்னு கேப்பாங்களே சார்."

நான் கேட்டதைவிட அதிகமாகவே எனக்குச் செய்துவிட்டிருந்தார். என் வார்த்தையை மட்டும் சுமக்கச் சொல்லி அனுப்பினேன். என் பேரே வெளியே வராதபடி, தன் அண்ணன் உயிரையும் மகள் கல்யாணத்தையும் முன்னால் தள்ளி என்னை மூடிவிட்டார். அந்தக் கேள்வி வந்தால் நான் தாங்கமாட்டேன் என்று ஊர்வலத்தை நோக்கி நடந்துபோன அந்தக் கொஞ்ச தூரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்ததுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருக்கிறது.

பூஜை முடிந்து பொரி கொடுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தட்டில் வைத்து நீட்டினார்கள். பழனிச்சாமி அண்ணன் துண்டை விரித்து வாங்கிக்கொண்டார்.

உங்கள் வாசலில் அந்தக் கோட்டுக்கு வருஷம் தவறாமல் பெயின்ட் அடிக்கிறீர்கள். இது யார் கொண்டுவந்த வழக்கம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பழனிச்சாமி என்று ஒரு டவர் ஆபரேட்டர் என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.